மூளியும் விரிசலும்

கோலாலம்பூர் செந்தூலில் அம்மா குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளக் குளியலறையில், முகம் கழுவும் பேசினின் முன்விளிம்பில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. மேல்தட்டில் வைத்திருந்த அப்பாவின் பித்தளைச் செம்பு நழுவி விழுந்ததால் வந்த வினை. செம்புக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை. 35 ஆண்டுகளாக மூன்று தலைமுறையின் முகங்களைப் பார்த்துவிட்ட பேசின்தான் மூளியாகிப்போனது. பெயர்ந்த இடத்தின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை, துடைக்கப் போன அம்மாவின் சுட்டுவிரலில் கசிந்த இரத்தம்தான் எங்களுக்குச் சொன்னது. அன்றிரவு இரண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். விரலில் ஒன்று, பேசினில் ஒன்று. இது நடந்து ஓராண்டுக்கு மேலாகிறது. ஒரு சில்லைப் பற்றி உட்கார்ந்து எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று தங்கை கேட்டாள். சில்லைப் பற்றி எழுத அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில்லைச் சரிசெய்து முடித்த கையோடு, மீந்திருந்த அதே பசையை வைத்துக்கொண்டு நான் இன்னொரு காரியமும் செய்தேன். அதுதான் இன்னும் மனத்தில் அடங்காமல் கிடக்கிறது.

முதலில், பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், பைப் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்துக் காட்டினோம். குனிந்து பார்க்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, "இதெல்லாம் ஒட்ட முடியாதுண்ணே, புதுசு மாத்திடலாம்" என்றார். பேசின், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 650 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கும் சொன்னார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பழைய பேசினின் முதுகுப்புறம் சுவரோடு சேர்த்து வெள்ளை சிமெண்ட் பூசியிருப்பதால் கழற்றும்போது நாலைந்து டைல்ஸ் உடையும். அந்தப் பூப்போட்ட டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. எனவே அந்தச் சுவரை மட்டுமாவது மாற்றினால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். சுவரை மாற்றினால் தரை பழையதாகத் தெரியும். அவர் பேசிக்கொண்டே போகப் போக, நகமளவு சில்லு குளியலறை முழுவதையும் விழுங்கிவிட்டது. நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். நானே சரிசெய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, "சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதும்பாங்க. நீ எதை வச்சுத் தம்பி ஒட்டப்போற?" என்று கேட்டார்.

அந்தப் பழமொழியை உறவு விவகாரங்களில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். சம்பந்தம் பேசும் இடத்திலும் பங்காளிச் சண்டையிலும் வந்து விழும் வாக்கியம் அது. ஆனால் அதை முதலில் சொன்னவர் ஒரு குயவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அதில் உள்ள தொழில் உண்மை அப்படியே பேசினுக்கும் பொருந்துகிறது. சீனக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்து, மெருகு பூசி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்துத்தான் கழிவறைச் சாதனங்களைச் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்ற துகள்களின் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. காயும்போதும் வேகும்போதும் மண் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குகிறது. வெந்து சுருங்கி முடிந்த உடலின்மேல், இனிச் சுருங்கவேண்டிய பச்சை மண்ணை வைத்தால் அது காயும்போதே விலகிவிடும். அம்மா வீட்டுப் பேசினைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடி சூளையில் வைக்க யாராலும் முடியாது என்பது வேறு. எனவே வீட்டில் செய்யக்கூடிய எந்தப் பழுதுபார்ப்பும் மண்ணை மண்ணோடு சேர்ப்பதாக இருக்க வழியில்லை. மண்ணின் மேல் ஒரு பசையைக் கடினமாக்கி, அதைப் பீங்கான்போல் தோன்றச் செய்கிறோம்.

சும்பிங்கா, ரெதாக்கா

ஜாலான் ஈப்போ பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஹார்ட்வேர் கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சும்பிங்கா, ரெதாக்கா?" என்று மலாய்ச் சொற்களில் கேட்டார். சும்பிங் என்றால் விளிம்பு பெயர்ந்தது. ரெதாக் என்றால் விரிசல் ஓடியது. சும்பிங்தான் என்றேன். "சும்பிங் பொலே, ரெதாக் ஜாங்ஙான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெயர்ந்ததைச் செய்யலாம், விரிசலைத் தொடாதே. அவ்வளவுதான் பாடம். தமிழிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. விளிம்பு போனது மூளி, உடலில் ஓடுவது விரிசல். பானை வாங்கும்போது மூளியைக் கண்ணால் பார்ப்பார்கள். விரிசலை விரல் கணுவால் தட்டிக் காதால் கேட்பார்கள். பொங்கலுக்கு முன்பு கோலசிலாங்கூர்ப் பக்கத்துக் குயவர்களின் பானைகள் கடைக்கு வரும்போது அம்மா இன்றும் ஒவ்வொன்றாகத் தட்டித்தான் எடுக்கிறார். எத்தனையோ ஆண்டுகளாக அருகில் நின்று அதைப் பார்த்திருக்கும் எனக்கு, குளியலறையில் அது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

கடையிலிருந்து நான் கொண்டுவந்தவை: ரெசின் ஒரு குழாய், ஹார்டனர் ஒரு குழாய் என்று சேர்ந்து வரும் வெள்ளை எபோக்சி, இரண்டு மூன்று தரத்தில் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் சேண்ட்பேப்பர், மாஸ்கிங் டேப், ஒரு பிளேடு. அசிட்டோனுக்குத் தங்கை மகளின் நகப்பூச்சு அழிப்பானைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொத்தச் செலவு 40 வெள்ளிக்குள் அடங்கியது. பெயர்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் தவுக்கே. சொட்டு உள்ளே இறங்காமல் முத்துப்போல நின்றால், அடியுடல் முழுக்கக் கண்ணாடியாகி வெந்த பீங்கான். ஈரம் ஏறாது, அவசரமில்லை. சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் அது துளையுள்ள சுட்டமண். மெருகு போன வழியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் பேசினில் சொட்டு நின்றது. காந்தம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் பீங்கான் என்று நாம் நினைக்கும் சில பழைய சிங்க்குகளும் தொட்டிகளும் இரும்பின்மேல் கண்ணாடி மெருகு உருக்கியவை. தோட்டத்தில் பாட்டியிடம் இருந்த நீல விளிம்பு மங்கு அப்படிப்பட்டதுதான். அதன் அடியில் சில்லு போன இடம் கறுத்து, பிறகு துருப்பிடித்து, கடைசியில் காப்பி ஒழுக ஆரம்பித்தது. அந்த வகையில் மூளியை விட்டுவைத்தால் துரு மெருகின் அடியிலேயே பரவும். பீங்கானுக்கு அந்த நோய் இல்லை.

முதல் பூச்சும் இரண்டாவது பூச்சும்

முதல் முயற்சி கேவலமாகத் தோற்றது. எப்படித் தோற்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பசையின் உறையில் எழுதியிருப்பது நம் ஊர்க் காற்றுக்காக எழுதப்பட்டதில்லை. அம்மா குளித்து முடித்த பிறகுதான் எனக்கு நேரம் கிடைத்தது. வெளியே மழை. சன்னலைச் சாத்தியிருந்தேன். பேசினைத் துணியால் துடைத்து, கைக்குக் காய்ந்ததுபோல் பட்டவுடன், இரண்டு குழாயிலிருந்தும் கண்ணளவில் பிதுக்கிக் கலந்தேன். ஐந்து நிமிடம் வரை வேலை செய்யலாம் என்று போட்டிருந்தது. அந்த ஐந்து நிமிடம் குளிரூட்டிய அறைக்கு உரியது. பத்து டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எபோக்சியைப் பற்றிய பொதுக்கணக்கு. இரண்டாவது நிமிடத்திலேயே பசை சூடேறி, பல்குத்தும் குச்சியோடு நூல் நூலாக எழுந்து வந்தது. அவசரத்தில் ஒரே தடவையாகக் குவித்து வைத்தேன். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பிசுபிசுப்பு. அது காயவில்லை என்று நினைத்து மேலும் ஒரு நாள் காத்திருந்தேன். பிறகு அதன்மேலேயே இன்னொரு பூச்சும் பூசினேன். அந்த இரண்டாவது பூச்சு நான்காம் நாள் நகத்தோடு முழுதாகக் கழன்று வந்தது.

பிசுபிசுப்புக்குக் காரணம் வேறு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹார்டனரில் இருக்கும் அமைன் என்ற சேர்மம், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ரெசினோடு சேர்வதற்கு முன்பே ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்தப் படலத்தின்மேல் எதுவும் ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் தேய்த்தாலே போய்விடும் ஒன்றுக்கு நான் நான்கு நாள் காவல் இருந்திருக்கிறேன். இந்த இடத்தில் ஒரு சிரிப்பு. உடைந்த பீங்கானைப் பற்றிப் பேச்சு வந்தாலே உடைந்ததை அரக்கால் ஒட்டி, ஒட்டிய இடத்தில் தங்கக் கோடு போடும் ஜப்பானியரின் கின்சுகியைப் பற்றி யாராவது ஒரு படம் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். அதில் பயன்படும் உருஷி அரக்கு, காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதற்காகவே ஈரப்பெட்டி செய்து பொருளை உள்ளே வைக்கிறார்கள். கோலாலம்பூர்க் குளியலறைக்கு உண்மையில் பொருத்தமான பசை அதுதான். தங்கக் கோடு போட்ட பேசினில் முகம் கழுவ அம்மா சம்மதிப்பாரா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது முயற்சியை ஒரு விடுமுறை நாளில், வெயில் ஏறிய பிறகு, சன்னலைத் திறந்து வைத்துச் செய்தேன். முந்தைய பசையைப் பிளேடால் செதுக்கி எடுத்தேன். பெயர்ந்த இடத்தையும் அதைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் மெருகையும் சேண்ட்பேப்பரால் தேய்த்து மங்கலாக்கினேன், வழவழப்பான கண்ணாடியின்மேல் எபோக்சிக்குப் பிடிமானம் இல்லை என்பதால். அசிட்டோனால் துடைத்து, ஹேர்டிரையரின் இளஞ்சூட்டில் பத்து நிமிடம் காட்டி, ஆறவிட்டேன். சமையலறையில் மிளகாய்த்தூள் நிறுக்கும் சிறு தராசில் இரண்டு பசையையும் சம எடையாக நிறுத்தேன். எங்கள் பசையின் உறையில் எடைக்கு எடை சமம் என்று தெளிவாகப் போட்டிருந்ததை முதல் தடவை நான் படிக்கவே இல்லை. பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பாமல், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல மெல்லிசாக ஒரு படலம், அது இறுகியதும் கழுவித் தேய்த்து அடுத்த படலம் என்று இரண்டு நாளில் நான்கு படலங்கள் ஏற்றினேன். கடைசிப் படலத்தை மெருகைவிட இம்மியளவு மேடாக விட்டு, முழுதாக ஒரு நாள் காய்ந்த பிறகு, பிளேடைப் படுக்கப் பிடித்துச் சீவி, நயமான தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

நிறம்தான் கடைசிவரை படுத்தியது. கடையில் வாங்கிய வெள்ளை, பேசினின் பக்கத்தில் வைத்ததும் நீலம்போல் தெரிந்தது. 35 ஆண்டு வெள்ளையில் ஒரு சிட்டிகை மஞ்சளும் அதைவிடக் குறைந்த சாம்பலும் கலந்திருக்கிறது என்பதை, நாலு துண்டு அட்டையில் நாலு விதமாகக் கலந்து பூசிக் காயவைத்து, பேசின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தூரிகையால் இழுத்தால் கோடு விழுகிறது. ஸ்பாஞ்சின் மூலையால் ஒற்றி எடுத்தால் ஓரம் கரைந்துபோகிறது. ஒரு வாரம் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டோம். எட்டாம் நாள் அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, விளிம்பு முழுவதையும் விரலால் தடவி, "எந்த எடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் போதையில்தான் அடுத்ததைச் செய்தேன்.

மஞ்சள் கோடு

நிறம் பார்ப்பதற்காகத் தினமும் டார்ச் வெளிச்சத்தில் பேசினை உற்றுப் பார்த்த பழக்கத்தில், அதுவரை எங்கள் யார் கண்ணிலும் படாத ஒன்று பட்டது. தண்ணீர் வடியும் துளையின் விளிம்பிலிருந்து கிளம்பி, பேசினின் பின்பக்க வளைவில் மேல்நோக்கி, முடியைவிட மெல்லிய ஒரு மஞ்சள் கோடு. அரையடி நீளம் இருக்கும். அம்மா இன்றும் முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்கிறவர். கழுவிய மஞ்சள் தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் நாள்தோறும் இறங்கி இறங்கி அதை வரைந்து காட்டியிருந்தது. சோப்பால் தேய்த்தும் போகவில்லை. பழைய பீங்கானில் மெருகு மட்டும் வலைபோல் வெடித்திருப்பது உண்டு. அடியுடலும் மெருகும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அது வரும், அதனால் பெரிய தீங்கில்லை. இது வலைபோல் இல்லை. ஒரே கோடு. அதன் குறுக்கே நகத்தை ஓட்டினால் மெல்லத் தட்டியது. கீழே குனிந்து பார்த்தபோது, அடிப்புறத்திலும் அதே இடத்தில் ஒரு நிழல்.

எப்படி வந்தது என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, கீழே ஒழுகுகிறது என்று வந்த ஒருவர் கழிவுக்குழாய் சேரும் இடத்து நட்டைப் பெரிய பிளையரால் முக்கி முக்கி இறுக்கியது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பார். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா, பீங்கானோடு சேரும் எந்த நட்டையும் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும்தான் கொடுப்பார். ரப்பர் வாஷர் தாங்கவேண்டிய வேலையை நட்டு தாங்கக்கூடாது என்பது அவர் கணக்கு. இரும்பு, ஓரிடத்தில் அழுத்தம் மிஞ்சினால் கொஞ்சம் நெளிந்து அதைப் பகிர்ந்துகொள்ளும். பீங்கானுக்கு நெளியத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறலின் நுனியில் அழுத்தம் முழுவதும் குவிந்து, அந்த நுனி முன்னேறிக்கொண்டே போகும் என்பதை, கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்ணாடியில் சோதித்து 1921இல் வெளியிட்டார். இரும்புத் தகட்டில் விரிசல் ஓடினால் அதன் நுனியில் ஒரு துளை போட்டு, தற்காலிகமாகவாவது நிறுத்துவதை அப்பா செய்து பார்த்திருக்கிறேன். பீங்கானில் துளை போடப் போனால், துளையின் ஓரத்திலிருந்தே புதுக் கீறல்கள் கிளம்பும்.

இவ்வளவும் பிறகு யோசித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் தவுக்கேயின் "ரெதாக் ஜாங்ஙான்" அன்றைக்கும் என் காதில் இருந்தது. இருந்தும் செய்தேன். பிளேடின் முனையால் கோட்டை லேசாகக் கீறி வாயகற்றி, துடைத்து, காயவைத்து, மீந்திருந்த எபோக்சியை அதில் ஓட்டி, தேய்த்து, நிறம் ஒற்றி எடுத்தேன். விளிம்பில் செய்ததைவிட இங்கே வேலை நயமாக வந்தது. கை பழகியிருந்தது. மஞ்சள் கோடு மறைந்துபோனது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார் என்பது ஒரு காரணம். 650 வெள்ளி ஆளைத் திரும்ப அழைக்கவேண்டி வரும், "நான்தான் அப்பவே சொன்னேனேண்ணே" என்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பதினோரு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமைக் காலையில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 76, முழங்கால் தேய்மானம். குனியும்போது இரண்டு உள்ளங்கைகளையும் பேசினின் விளிம்பில் ஊன்றி, உடலின் முன்பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி, ஒரு கையை மட்டும் எடுத்துத் தண்ணீரை அள்ளுகிறார். பிறகு மறுபடி இரண்டு கையையும் ஊன்றி நிமிர்கிறார். தினமும் எத்தனையோ தடவை நான் கடந்துபோன காட்சி அது. நான் அன்று நகராமல் நின்றுவிட்டேன். என் கண் அவர் கைகளில் இருந்தது. வலது உள்ளங்கை, நான் சரிசெய்த மூளியின்மேலேயே பதிந்திருந்தது. வழவழவென்று இருப்பதால் அங்கே கை வைக்க அவருக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். பிளாஸ்திரி ஒட்டியிருந்த காலத்தில் அந்த இடத்தைத் தவிர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் போன பிறகு டார்ச்சோடு உள்ளே போனேன். என் பூச்சு அப்படியே இருந்தது, ஓரம்கூடக் கழலவில்லை. ஆனால் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே, பின்விளிம்பை நோக்கி, ஒரு விரற்கணு நீளத்துக்குப் புதிதாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அது முன்பு அங்கே இல்லை. நிறம் பார்க்கும்போது எடுத்த படங்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், இல்லை.

அப்பாவின் பட்டறைக் கதைகளில் சக்கரம் தட்டுகிறவர் ஒருவர் வருவார். நிற்கும் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் நீளக் கைப்பிடிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பார். மணிபோல் ஒலித்தால் நல்ல சக்கரம், ஒலி செத்திருந்தால் உள்ளே விரிசல். நான் ஒரு மரக்கரண்டியை எடுத்துவந்து பேசினைத் தட்டினேன். முன்விளிம்பில், என் மூளிக்குப் பக்கத்தில், ஒலி நின்று கேட்டது. பின்வளைவில் 'டப்' என்று விழுந்து அடங்கியது. அம்மா பானைக்குச் செய்கிற சோதனை. நடைக்கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "என்னத்தடா அங்க தட்டுற?"

சொல்லிவிட்டேன். பேசின் அன்று மாலைவரை தாங்கியிருக்கும், ஓராண்டுகூடத் தாங்கியிருக்கும்; தெரியாது. சுவரில் தொங்கும் பேசின், பாரம் ஊன்றிய நேரத்தில் பிளந்தால், கூடவே ஆளும் முன்னால் சாய்வார் என்பதும், உடைந்த பீங்கானின் முகம் கத்தி என்பதும் எனக்குத் தெரியும். முதல் நாளில் ஒரு சிறு சில்லே விரலைக் கிழித்திருந்தது. அம்மா கோபப்படவில்லை. "கோடு இருந்தப்ப நானாவது பாத்திருப்பேன். நீ அதையும் அழிச்சிட்ட" என்று மட்டும் சொன்னார். அன்றே மாடிக் குளியலறைக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தோம். அடுத்த வாரம் வேறொருவர் வந்து பழைய பேசினைக் கழற்றினார்; டைல்ஸ் இரண்டுதான் உடைந்தது. புதியதை இருபுறமும் இரும்புத் தாங்கிகள் போட்டு மாட்டச் சொன்னேன். பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்தினோம். நட்டை இறுக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன், அவருக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

பழைய பேசின் முழுதாகத்தான் வந்தது. அதைக் குப்பை லாரிக்குக் கொடுக்க அம்மா ஒப்பவில்லை. உடைந்த பீங்கானுக்கு என்ன மரியாதை என்று கேட்கிறவர்கள் பினாங்கு லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் சீ மாளிகையின் கூரையைப் பார்க்க வேண்டும். பீங்கான் கிண்ணங்களை வேண்டுமென்றே நறுக்கி, சில்லுகளால் பூவும் பறவையும் பதித்திருக்கிறார்கள். அங்கே அந்தச் சில்லுகளின்மேல் யாரும் கை ஊன்றுவதில்லை. எங்கள் பேசினும் அப்படியொரு பாரமில்லாத இடத்துக்குப் போனது. பின்வாசலில் நான்கு செங்கலின்மேல் உட்காரவைத்து, பாதிவரை மண் நிரப்பி, அம்மா கற்பூரவல்லி நட்டார். துளையை அடைக்கவிடவில்லை. தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டை வைத்தால் சுகாதார அதிகாரிகளுக்கு யார் பதில் சொல்வது என்றார்.

எட்டு மாதமாக அது வெயிலிலும் மழையிலும் இருக்கிறது. எபோக்சிக்கு வெயில் ஆகாது என்று படித்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு பக்கத்து வீட்டு அக்கா கற்பூரவல்லி பறிக்க வந்தார். முன்விளிம்பில் நான் நாலு படலம் ஏற்றி, நாலு அட்டையில் நிறம் கண்டுபிடித்துச் செய்த இடம், புகையிலை போட்ட பல்லின் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இந்தச் சின்ன ஒடசலுக்காகவா தம்பி நல்ல பேசினைக் கழட்டிட்டீங்க?" என்று கேட்டார். பின்பக்கத்து விரிசலைக் காட்டலாம் என்று குனிந்தேன். மண்ணுக்கு மேலே தெரிந்த பகுதியில் மஞ்சளை வெயில் முழுக்க வெளுத்துவிட்டிருந்தது, கோடே இல்லை. நகத்தை இரண்டு மூன்று முறை குறுக்கே ஓட்டி, அது தட்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்துத்தான் காட்ட முடிந்தது.